கரை போட்ட வேட்டி யாருக்கு?

வில்லியம் மோரிஸ் வரைந்த கொடியும் பறவையும் இன்று மொபைல் உறை வரை வந்துவிட்டன. விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தின் சுவர்த்தாள், திரைச்சீலை, கம்பள டிசைன்கள் இன்ஸ்டாகிராமில் மறுபடி ஓடுகின்றன. கூடவே நம் ஊர் 'பாரம்பரிய மோட்டிஃப்' பற்றிய பதிவுகளும் வருகின்றன: மாங்காய், அன்னம், ருத்ராட்சம், கோபுரக் கரை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ரசிப்பதில் எனக்கும் தகராறு இல்லை. ஆனால் அந்த 19ஆம் நூற்றாண்டில் டிசைன் என்பது வெறும் கண்ணுக்குக் குளிர்ச்சியான சமாச்சாரம் அல்ல. மனிதர்களைத் தரம் பிரித்து அடுக்கி வைக்கும் வேலையையும் அது செய்தது. அந்த வேலைக்கு எங்கள் திருச்சியிலிருந்தும் சரக்கு போனது.

என்ன சரக்கு என்று கேட்டால் பலரும் சுருட்டு என்பார்கள். உண்மைதான். ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாக வந்த 1887ஆம் ஆண்டுக் கதையிலேயே திருச்சிச் சுருட்டின் சாம்பல் துப்பாக வருகிறது. வெள்ளிக் கம்பியிலும் பொன் கம்பியிலும் பின்னிய திருச்சிச் சங்கிலிக்கும் அங்கே மவுசு. எந்த அளவுக்கு என்றால், வைக்கிங் காலத்துப் பின்னல் சங்கிலிகளை மண்ணிலிருந்து தோண்டி எடுத்த ஆங்கிலேயத் தொல்லியலாளர்கள் அந்தப் பின்னலுக்கே 'திருச்சினாப்பள்ளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஊர்ப் பெயர் அகராதியில் ஏறியது. பின்னிய ஒரு தட்டாரின் பெயர் கூட ஏறவில்லை.

நான் சொல்ல வந்தது மூன்றாவது சரக்கு, மைக்கா ஓவியம். நாம் காக்காப்பொன் என்போமே, அதே அப்பிரகத் தகட்டில் தீட்டிய சின்னச் சின்னப் படங்கள். 19ஆம் நூற்றாண்டில் திருச்சி இதற்குப் பெயர் பெற்ற ஊர். கம்பெனி அதிகாரிகளும் சிப்பாய்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் ஊருக்குத் திரும்பும்போது வாங்கிப்போன நினைவுப் பொருள் இது. படத்தில் சாமி உண்டு, ஊர்வலம் உண்டு. அதிகம் விற்றவற்றில் ஒன்று சாதிகளின் வரிசை. தென்னிந்தியத் தொகுப்புகளில் பெரும்பாலும் சாதிக்கு ஒரு கணவன் மனைவி ஜோடி. கையில் அவர்கள் தொழிலுக்கான கருவி, உடம்பில் அவர்களுக்கு 'உரிய' துணி. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இப்படித் திருச்சி, தஞ்சைப் பக்கத்துத் தொகுப்புகள் இருக்கின்றன.

இந்திய மைக்கா ஓவியங்களில் இன்னொரு வகையும் உண்டு. அட்டையில் ஒரே ஒரு முகம். தனியே பல மைக்காத் தகடுகள். அவற்றில் முகம் இல்லாமல் உடை மட்டும். தகட்டை எடுத்து அட்டைமேல் வைத்தால் அந்த முகம் அந்தணராகும். வேறு தகட்டை வைத்தால் தண்ணீர் சுமப்பவராகும். விளையாட்டுச் சாமான்தான். ஆனால் சாதியைப் பற்றி அது சொல்லிவிடுகிற உண்மை பெரியது. முகம் ஒன்று. மாறுவது கரையும் கட்டமும் ஜரிகையும் மட்டும். அதை வாங்கியவர்களும் விற்றவர்களும் இந்த உண்மையைக் கண்டுகொள்ளவில்லை என்பது வேறு விஷயம். அவர்களுக்கு அது இந்தியர்களை இனங்காண உதவும் ஒரு மாதிரி அட்டை.

மாதிரி அட்டை என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்று ஒரு ஸ்காட்லாந்து மருத்துவர். லண்டன் இந்தியா அலுவலகத்தில் இந்தியப் பொருட்களுக்கான அதிகாரி. 1866இல் இவர் இந்தியத் துணிகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகள் வெளியிட்டார். 700 துணித் துண்டுகள். 20 பிரதிகள் தயாரித்து 13ஐ பிரிட்டனுக்குள்ளேயே கொடுத்தார்கள். மான்செஸ்டர் ஆலைக்காரர் அதைப் பார்த்து, இந்தியர் எந்தக் கரையை விரும்புவார், எந்த அகலத்தில் கட்டுவார் என்று தெரிந்துகொண்டு, அதையே இயந்திரத்தில் அடித்து இங்கே கொண்டுவந்து விற்க வேண்டும். நோக்கம் அவ்வளவுதான். இதே ஃபோர்ப்ஸ் வாட்சன் 1868 முதல் 1875 வரை ஜான் கே என்பவரோடு சேர்ந்து வேறொரு நூலை 8 தொகுதிகளாகக் கொண்டுவந்தார். இந்தமுறை வெட்டி ஒட்டியது துணியை அல்ல, மனிதர்களை. 'இந்தியாவின் மக்கள்' என்ற தலைப்பில் சாதி வாரியாக, பழங்குடி வாரியாகப் புகைப்படங்கள். துணிக்கு ஒரு ஆல்பம், ஆளுக்கு ஒரு ஆல்பம். தொகுத்தது ஒரே கை.

இது தற்செயல் என்று யாராவது சொன்னால் சென்னைக்கு வாருங்கள். எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். சென்னை மாகாணப் பருத்தித் துணி பற்றி 1897இல் ஒரு நூல் எழுதினார். அடுத்தடுத்து கம்பளி, பட்டு. அதே ஆண்டுகளில் கையில் அளவுகோலோடு போய் மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார். 1909இல் வந்தது 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்', ஏழு தொகுதி. இன்றும் நம் சாதிச் சங்கங்கள் தங்கள் ஆண்ட பரம்பரைக் கதைக்கு மேற்கோள் தேடிப் போவது அந்த ஏழு தொகுதிக்குத்தான். வெள்ளைக்காரன் மூக்கை அளந்த புத்தகம் வீரவரலாறாகிப் போனது ஒரு தனிக் கூத்து.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சாதியையே வெள்ளைக்காரன்தான் உண்டாக்கினான் என்று ஒரு கூட்டம் கொஞ்ச காலமாகச் சொல்லித் திரிகிறது. அந்தக் கூட்டத்துக்கு இதைத் தீனியாக்க வேண்டாம். வாட்சனும் தர்ஸ்டனும் சாதியைக் கண்டுபிடிக்கவில்லை. இங்கே இருந்ததை எடுத்துப் பட்டியல் போட்டார்கள், அட்டை போட்டார்கள், மேலே மெருகும் பூசினார்கள். அந்த மெருகைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் டிசைன் ஒழுக்கப் பிரச்சினையாக இருந்தது. 1851 லண்டன் பொருட்காட்சியில் தங்கள் ஆலைச் சரக்கு அசிங்கமாகவும் இந்தியச் சரக்கு அழகாகவும் இருப்பதைப் பார்த்து அவர்களுக்கே வெட்கமாகிப்போனது. கம்பளத்தில் நிஜப் பூப்போல பூ வரையலாமா, காலால் மிதிக்கிற இடத்தில் பூவா என்றெல்லாம் வாதம். தவறான ரசனைக்கு எடுத்துக்காட்டாக உள்ளூர்ப் பொருட்களைத் தனி அறையில் வைத்துக்கூடக் காட்டினார்கள். டிக்கன்ஸ் தன் 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் பள்ளிக்கூட வகுப்பில் வைத்து இதைக் கிண்டல் செய்திருக்கிறார். ஓவன் ஜோன்ஸ் 1856இல் உலகத்து அலங்கார வடிவங்களையெல்லாம் திரட்டி ஓர் இலக்கணமே எழுதினார். இந்திய வடிவங்களுக்கு அதில் நல்ல மதிப்பு. ஆனால் புத்தகம் தொடங்குவது 'காட்டுமிராண்டி இனங்களின்' அலங்காரத்தில். டிசைனை அடுக்கினாலே மக்களும் ஏணிப்படியில் அடுக்கப்பட்டுவிடுகிறார்கள், பாருங்கள்.

1857 கலகத்துக்குப் பிறகு ரஸ்கின் ஒரு படி மேலே போனார். 1858 ஜனவரியில் ஆற்றிய உரையில் அவர் கேட்டது இதுதான்: இவ்வளவு நுட்பமாகக் கோலம் போடத் தெரிந்த இந்தியர் ஏன் இவ்வளவு கொடூரமாக நடந்துகொண்டார்? கலையே இல்லாத ஸ்காட்லாந்து மலைநாட்டார் ஏன் வீரமாக நின்றார்? அவர் கண்டுபிடித்த விடை: இந்தியர் இயற்கையைப் பார்த்து வரைவதில்லை, வளைவும் கோடுமாகவே வரைகிறார், அதனால் மனம் கெட்டுவிட்டது. ஒரு நாட்டின் எழுச்சிக்குக் காரணம் அதன் சேலைக் கரையில் இருக்கிறது என்று நம்பிய அறிஞர் பெருமக்கள் வாழ்ந்த காலம் அது.

ரஸ்கின் திட்டினார். திட்டு நம்மை ஒன்றும் செய்துவிடவில்லை. நம்மைக் கெடுத்தது ஜார்ஜ் பேர்ட்வுட்டின் பாராட்டு. 1880இல் இந்தியக் கைத்தொழில்கள் பற்றி அவர் எழுதிய நூலில் கிராமம் ஒரு சொர்க்கம். குயவர் சக்கரம் சுற்றுகிறார், நெசவாளர் தறியில் இருக்கிறார், தட்டார் பொன்னைத் தட்டுகிறார். அப்பன் தொழில் மகனுக்கு, மகன் தொழில் பேரனுக்கு. இந்தத் தடம் மாறாத பரம்பரைதான் இந்திய டிசைனின் அழகுக்கு அடித்தளம். அந்தப் பரம்பரையைக் கட்டிக் காத்தது மனுவின் சட்டம். இப்படிப் போகிறது வாதம்.

மனுவுக்கு டிசைன் பற்றி உண்மையில் என்ன கருத்து என்று பார்க்க, பத்தாம் அத்தியாயத்துக்குப் போனால் போதும். சண்டாளருக்கு உடை பிணத்தின் மேலிருந்து எடுத்த துணி, சோறு உடைந்த கலத்தில், நகை இரும்பில். பேர்ட்வுட் ரசித்த பொன் சங்கிலியும் பூக்கரையும் இந்த விதியின் மறுபக்கம். ஒருவருக்கு ஜரிகை உரியது என்றால் இன்னொருவருக்கு அது மறுக்கப்பட்டிருக்கிறது. மறுக்கப்பட்ட அந்த இன்னொருவர் அவருடைய அழகிய கிராமத்தில் எங்கே குடியிருந்தார் என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. எழுந்திருந்தால் சேரிப்பக்கம் நாலு எட்டு நடந்திருக்க வேண்டும்.

இந்த மறுப்பு ஏட்டுச் சட்டம் மட்டுமல்ல. அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் இந்தூர்ப் பக்கத்துப் பலாய் மக்களுக்கு 1928இல் வந்த உத்தரவுகளை எடுத்துவைக்கிறார். தங்கக்கரை வைத்த தலைப்பாகை கட்டக் கூடாது. வண்ணக்கரையோ பகட்டான கரையோ போட்ட வேட்டி கட்டக் கூடாது. பெண்கள் பொன்னும் வெள்ளியும் போடக் கூடாது. தமிழ்நாட்டு உதாரணம் வேண்டுமா? 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர்மேல் கள்ளர்கள் விதித்த எட்டுத் தடைகளை ஹட்டன் தன் நூலில் பதிந்திருக்கிறார். ஆணின் துணி இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் போகக் கூடாது. பனியனும் சட்டையும் கூடாது. பெண்ணுக்கு ரவிக்கையும் தாவணியும் பூவும் கூடாது. அதற்கும் முன்னால் 1859இல், விக்டோரியா காலத்தின் நட்டநடுவில், தோள்சீலைப் போராட்டத்தின் அழுத்தத்தில் திருவிதாங்கூர் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நாடார் பெண்கள் மேலே துணி போட்டுக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி அல்ல, முரட்டுத் துணியை வேறு விதமாக. உரிமை கொடுக்கும்போதே டிசைனில் கோடு கிழித்தார்கள்.

முரட்டுத் துணி என்றதும் எனக்கு உறையூர் நினைவுக்கு வருகிறது. நான் வளர்ந்த ஊர். ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கிரேக்க மாலுமிக் குறிப்பில் 'அர்கரு' என்று வருகிற ஊர் இதுதான் என்பார்கள். மெல்லிய பருத்தித் துணிக்குப் பெயர் போனது. இதை எங்கள் ஊரில் எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். மெல்லிய துணியின் வரலாறு இப்படிக் கிரேக்கம் வரை போகிறது. முரட்டுத் துணியை நெய்தவர் வரலாறு எங்கே? தஞ்சை, மதுரைப் பக்கம் கோலியர் என்று பறையர் வழிவந்த நெசவாளர் இருந்தார்கள். அவர்கள் நெய்தது கெட்டி வெள்ளைத் துணி. பூவேலை இல்லை, புட்டா இல்லை. 'கோலியன்' என்ற பெயர் இன்றும் தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் வரிசையில் இருக்கிறது. அவர்களும் நெசவாளர்தான். ஆனால் 'பாரம்பரிய நெசவு' என்று யாரும் பேசும்போது அவர்கள் தறி நினைவுக்கு வருவதில்லை. டிசைன் இல்லாத துணிக்கு அருங்காட்சியகத்தில் என்ன வேலை? அந்தத் துணியில் டிசைன் ஏன் இல்லை என்று கேட்டால்தான் வரலாறு தொடங்குகிறது.

காவிரிக்கு அக்கரையில் திருவரங்கம் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் ஃபெர்குசன் 1876இல் எழுதிய கட்டடக்கலை நூலில் அதன் அமைப்பைக் குறை சொல்கிறார். வெளியே பெரிய கோபுரம், உள்ளே போகப் போகச் சின்னது. கலை என்று பார்த்தால் இது தலைகீழ் என்பது அவர் முறையீடு. ஏழு சுற்றுமதில்களைப் படத்தில் பார்த்தால் யாருக்கும் ஒரு கோலம் போலத்தான் தெரியும், ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு கட்டம். ஃபெர்குசன் கோலத்தைப் பார்த்தார், அது அழகா இல்லையா என்று யோசித்தார். ஒவ்வொரு கோடும் ஒரு மதில், மதிலில் ஒரு வாசல், வாசலில் யாரை உள்ளே விடுவது யாரை நிறுத்துவது என்று ஒரு ஏற்பாடு. அதுதானே அந்த டிசைனின் வேலை? 1939, 1947 ஆலய நுழைவுச் சட்டங்கள் வரும்வரை இந்த மண்ணின் பெருங்கோயில்களில் அந்தக் கோடுகள் சட்டப்படியே செல்லுபடியாயின. ஃபெர்குசன் பார்த்தபோது மொட்டையாக நின்ற வெளிக்கோபுரம் 1987இல் 236 அடிக்கு முடிந்தது. அதற்கு எதிரே 2006 டிசம்பரில் பெரியார் சிலை எழுந்தது. திறப்பதற்கு முன்பே உடைக்கப்பட்டு மறுபடியும் எழுந்தது. ஊர் அழகு கெடுகிறது என்று அப்போது சிலர் சொன்னதைக் காதால் கேட்டிருக்கிறேன். அழகு என்ற சொல்லுக்கு எத்தனை வேலை பாருங்கள்.

பேர்ட்வுட்டின் பரம்பரைக் கைவினைஞருக்கு 1886இல் ஒரு வேடிக்கை நடந்தது. லண்டன் காலனியப் பொருட்காட்சியில் 34 இந்தியக் கைவினைஞர்களை உட்கார வைத்து நெய்யச் சொல்லி, வனையச் சொல்லிக் காட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த கலை என்று கூட்டம் மெய்மறந்து பார்த்தது. ராணி ஓவியரை அமர்த்தி அவர்களில் பலரை வரையச் செய்தார். அவர்களைக் கூட்டி வந்தது ஆக்ரா மத்திய சிறையின் கண்காணிப்பாளர். வேலை பழகியதும் அந்தச் சிறையில்தான். சிறையில் கம்பு முனையில் கற்றுக்கொண்ட கை, பரம்பரைக் கை என்று விற்கப்பட்டது. யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? டிசைன் ரத்தத்தில் ஓடுவதில்லை. சொல்லிக் கொடுத்தால் யாருக்கும் வரும்.

மோரிஸை நான் பேர்ட்வுட்டோடு சேர்க்கமாட்டேன். அவர் 1883இல் சோசலிச அமைப்பில் சேர்ந்தவர். செய்பவருக்கு மகிழ்ச்சி இல்லாத வேலையில் அழகு இல்லை என்றவர். அவர் துணியைப் பணக்காரர் மட்டுமே வாங்க முடிந்தது என்பது அவரையே உறுத்திய முரண். ஆனாலும் அவருக்குத் திரும்பிப் பார்க்க ஓர் இடைக்காலம் இருந்தது, அதில் அவர் கற்பனை செய்த சுதந்திரமான கைவினைஞர் இருந்தார். நமக்கு அப்படித் திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது? மோரிஸின் அச்சு இயந்திரத்தில் தன் நூலை அச்சிட்ட ஆனந்த குமாரசுவாமி, இலங்கைத் தமிழரின் மகன், 1909இல் 'இந்தியக் கைவினைஞர்' எழுதியபோது திரும்பிப் பார்த்து எடுத்தது அதே சாதிக் கிராமத்தைத்தான். பேர்ட்வுட்டின் மெருகு தேசபக்தியாக மாறியது அந்த இடத்தில்.

அங்கிருந்து கோடு நேரே வருகிறது. 1953இல் ராஜாஜி அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்றார். குலக்கல்வி என்று பெயரிட்டுப் பெரியார் தெருவுக்கு வந்தார். அடுத்த ஆண்டு திட்டமும் போனது, ராஜாஜியும் போனார். 2023 செப்டம்பரில் பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் வந்தது. 18 தொழில்கள், குடும்ப வழித் தொழில் செய்பவர் என்ற நிபந்தனை, குரு சிஷ்ய பரம்பரை என்ற அலங்காரம். 18 வயதிலேயே விண்ணப்பிக்கலாம், அதாவது கல்லூரிக்குப் போகிற வயதில். தமிழ்நாடு அதை அப்படியே ஏற்க மறுத்து, குடும்ப வழி நிபந்தனை இல்லாமல், குறைந்த வயதை 35 ஆக வைத்து, 25 தொழில்களுக்கு 2025இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. கடன் தொகை எவ்வளவு, மானியம் எவ்வளவு என்பதெல்லாம் இரண்டாவது கேள்வி. கைவினைக்கு வர சாதிச் சீட்டு வேண்டுமா வேண்டாமா என்பதுதான் முதல் கேள்வி. அதில் இரண்டு திட்டங்களும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன.

டிசைன் படிக்கும் தோழர்கள் சிலர், இதெல்லாம் பழைய கதை, இப்போது யாரும் கரையைப் பார்த்து ஆளை எடைபோடுவதில்லை என்று என்னிடம் சொல்கிறார்கள். அவர்கள் ஒருநாள் தென்மாவட்டத்து மேல்நிலைப்பள்ளி வாசலில் நின்று மாணவர்களின் மணிக்கட்டைப் பார்க்கட்டும். எந்தச் சாதிக்கு எந்த நிறக் கயிறு என்று எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரிகிறது. 2019இல் இதைத் தடுக்கப் பள்ளிக்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு வந்ததும் அமைச்சரே பின்வாங்கினார். நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் வெட்டப்பட்ட பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மறுபடியும் அதே பரிந்துரை: வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி வேண்டாம். மைக்காத் தகட்டை எடுத்து எடுத்து முகத்தின்மேல் வைத்த அதே விளையாட்டு. இப்போது பிள்ளைகளே தங்கள்மேல் வைத்துக்கொள்கிறார்கள்.

கைத்தறிக் கண்காட்சி போடுகிறவர்களிடமும் டிசைன் கல்லூரிகளில் ஆய்வேடு எழுதுகிறவர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. மோட்டிஃபின் பெயர், நூல் எண், சாயம் எல்லாம் எழுதுகிறீர்கள். இந்தக் கரையைக் கட்ட யாருக்கு அனுமதி இருந்தது, யாருக்கு இல்லை என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். நெய்தவருக்கு ஒரு சேலைக்கு என்ன கூலி என்று இன்னொரு வரி. போன வருடம் ஒரு கண்காட்சியில் இதைச் சொன்னபோது, வாடிக்கையாளர் மனநிலை கெட்டுவிடும் என்று ஏற்பாட்டாளர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். கெடட்டும்.

எங்கள் தெருவில் மிச்சமிருக்கும் தறிக்காரர் ஒருவரிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் மகள் நர்சிங் படிக்கிறாள். "உங்களுக்கு அப்புறம் தறியை யாருக்குண்ணே கொடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"கத்துக்கிறேன்னு எந்தப் பிள்ளை வந்தாலும் கொடுப்பேன் தம்பி, நமக்கென்ன" என்றார். "இதுவரைக்கும் கேட்டு வந்தது விறகுக்கடைக்காரரு மட்டும்தான்."